ஹாஷ் மதிப்பைக் கொண்டு மென்பொருள் கோப்புகளை இனங்காணுதல்

கேள்வி:
ஆய்வுக்காக நகலெடுத்த வன்தட்டில் பல இலட்சம் கோப்புகள் உள்ளன. அவற்றுள் இயங்குதளத்துக்கும் பரவலான மென்பொருள்களுக்கும் உரியவற்றை, பெயரை நம்பாமல், ஹாஷ் மதிப்பால் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) மட்டும் பிரித்து ஒதுக்க இயலுமா?

மறுமொழி 1:
இயலும். அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் பேணும் என்.எஸ்.ஆர்.எல். (தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகம்) தொகுப்பு, வெளியான மென்பொருள்களின் கோப்புகளுக்குரிய ஹாஷ் மதிப்புகளை இலவசமாகத் தருகிறது. ஆனால், ஒரு கோப்பு அதில் இடம்பெறுவது அது அறியப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று, தீங்கற்றது என்பதற்கு அன்று. ஊடுருவலுக்குப் பயன்படும் கருவிகளின் மதிப்புகளும் அதில் உள்ளன. இதை மறந்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவது மிகவும் ஆபத்தானது.

மறுமொழி 2:
ஹாஷ் மதிப்பைக் கணக்கிடும் முறைகளுள் ஒன்றான எம்.டி.5-ஐ மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மதிப்புடைய இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது அதற்கு 2004-இலும், எஸ்.எச்.ஏ.-1 என்னும் மற்றொரு முறைக்கு 2017-இலும் செய்துகாட்டப்பட்டது; அவற்றினும் வலுவான எஸ்.எச்.ஏ.-256 மதிப்பையே ஒப்பிடுங்கள். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளமாயின், அந்த வன்தட்டிலேயே பதிவாகியிருக்கும் எம்.டி.5 பட்டியலை ஊடுருவியவரே மாற்றியிருக்கக்கூடும் என்பதால், டெபியன் வெளியிட்ட அசல் நிறுவல் தொகுப்புகளைத் தனியே பதிவிறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, விரித்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக மதிப்பைக் கணக்கிடுவதே முறை.

மறுமொழி 3:
பயனர் திருத்திய அமைவுக் கோப்புகள் எந்தப் பட்டியலோடும் பொருந்தா; அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.