10 இன்ச் டேபிள் சாவில் 7¼ இன்ச் பிளேடு போடலாமா?

சிராய்:
என்னிடம் இருப்பது 10 இன்ச் பிளேடு போடும் டேபிள் சா (மேசை நடுவே பிளேடு நீட்டி நிற்கும் மர அறுப்பு மெஷின்). பெரும்பாலும் 18 மி.மீ. பிளைவுட்தான் அறுக்கிறேன். கையில் பிடித்து அறுக்கும் சர்க்குலர் சாவுக்கு வாங்கிய 7¼ இன்ச் பிளேடு ஒன்று புதுசாகவே கிடக்கிறது, துளையும் அதே 5/8 இன்ச், பிளேடு மாட்டும் தண்டில் கச்சிதமாக உட்காருகிறது. ஆழம் அவ்வளவாகத் தேவைப்படாதபோது சின்னதைப் போட்டு ஓட்டினால் என்ன? நண்பர் ஒருவர் 12 இன்ச் போட்டுப் பார் என்கிறார், அதையும் சொல்லிவிடுங்கள்.

மரத்தூள்:
12 பேச்சே வேண்டாம். மேசைக்கு அடியில் அதற்கு இடம் கிடையாது, மேலே இருக்கும் பாதுகாப்பு கார்டு மூடாது, துளையும் பெரும்பாலும் 1 இன்ச்சாக இருக்கும். சின்னது தாராளமாகப் போடலாம். 10 இன்ச் பிளேடு நேராக நிற்கும்போது சுமார் 3⅛ இன்ச் அறுக்கும், 7¼ போட்டால் 1¾ கிடைக்கும், 18 மி.மீ.க்கு அது ஏராளம்.

இழைப்புளி:
"தாராளமாக" என்று சொல்லாதீர்கள். நானும் இப்படித்தான் துளை சரியாக இருக்கிறதே என்று மாட்டினேன். ஒரு சாண் நீளம் நன்றாகப் போன பலகை அப்புறம் நகரவே இல்லை, நான் இன்னும் அழுத்த மோட்டார் முனகியது, அறுத்த ஓரம் கருகி நாற்றம் வந்தது. அணைத்துவிட்டுக் காலிப்பரில் அளந்தால் பிளேடு போட்ட தடம் 1.7 மி.மீ., அறுத்த பிளவு மூடாமல் தடுக்கப் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடான ரைவிங் நைஃப் 2.2. அது எப்படி உள்ளே போகும்! நைஃப் அறுப்புத் தடத்தைவிட மெல்லியதாகவும், பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால் பிளேடின் தட்டைவிடத் தடிமனாகவும் இருக்க வேண்டும். சர்க்குலர் சா பிளேடுகள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, நைஃப் 10 இன்ச் வட்டத்துக்கு வளைத்தது, சின்ன பிளேடு போட்டால் இடையில் பெரிய இடைவெளி விழும்.

இடிக்கிறது என்று நைஃபைக் கழற்றிவிட்டு அறுக்க மட்டும் போகாதீர்கள். பிளவு மூடி பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வினால் பலகை நேரே உங்கள் வயிற்றுக்குத்தான் வரும்.

உளி:
வேகத்தையும் பாருங்கள். 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4000 சுற்று) 10 இன்ச் பிளேடின் பல் நொடிக்கு சுமார் 53 மீட்டர் ஓடும், 7¼ என்றால் 38 சொச்சம்தான், அறுப்பின் சுத்தம் குறையும். விரல் பட்டதும் பிளேடை நிறுத்தும் பிரேக் உள்ள சாஸ்டாப் மாதிரி மெஷின் என்றால் அந்த பிரேக் 10 இன்ச்சுக்கு வைத்தது, சின்ன பிளேடு அதற்கு எட்டாது.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது பல் எண்ணிக்கை. பிளைவுட் மேல்தாள் பிய்யாமல் வர 10 இன்ச்சில் 60 பல் எடுங்கள். இழைவாக்கில் கட்டை அறுக்க 24 பல், இரண்டுக்கும் ஒன்றே போதும் என்றால் 40. 8 இன்ச் என்று கேட்டு வாங்குவது காடி எடுக்கும் டாடோ செட்டுக்குத்தான், அதற்கும் தண்டு நீளம் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிராய்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன், என் நைஃபிலும் 2.2 என்றே பொறித்திருக்கிறது. தட்டு 1.8, தடம் 2.4 என்று போட்ட 10 இன்ச் தின் கெர்ஃப் (தடம் மெல்லிய) பிளேடு, 60 பல், சரிதானே?

இழைப்புளி:
சரி, அதுதான். வாங்குமுன் பிளேடில் அச்சடித்த அதிகபட்ச ஆர்பிஎம் உங்கள் மெஷினுடையதைவிடக் கூடவா என்று மட்டும் பாருங்கள். அந்த 7¼ சர்க்குலர் சாவுக்கே போகட்டும்.