ஒரே மெத்தை, நான்கு உடம்பு: மீடியம் ஃபர்ம் மெமரி ஃபோம் அனுபவங்கள்

வைகைக்கரை, மதுரை

மீடியம் ஃபர்ம், அதாவது நடுத்தரக் கெட்டியான மெமரி ஃபோம் மெத்தை வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும் ஃபோம் அது. வாங்குவதற்கு முன் எவ்வளவோ தேடிப் பார்த்தேன். "முதுகுவலிக்கு நல்லது", "சூடாக இருக்கும்" என்ற இரண்டு வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. படுத்தவர் ஆளா, குழந்தையா, என்ன எடை, மல்லாந்து படுப்பவரா, ஒருக்களித்துப் படுப்பவரா, ஏசி உண்டா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்.

கட்டில் என் கல்யாணத்துக்கு அப்பா செய்துகொடுத்தது. ஆறேகாலுக்கு ஐந்து, அதாவது 75க்கு 60 அங்குலம். குயின் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் 78க்கு 60 அனுப்பிவிடுவார்கள், கால்மாட்டில் மூன்று அங்குலம் தொங்கும். பழைய கட்டில் வைத்திருப்பவர்கள் டேப்பை வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மெத்தை 8 அங்குலம். மேலே 2 அங்குலம் மெமரி ஃபோம், கீழே 6 அங்குலம் சாதா ஃபோம் என்று எழுதியிருந்தது. அதற்கு முன்னால் இருந்தது இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சை அடித்துத் தைத்துக் கொடுப்பவர் எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்தி நாலு வருஷமாகிறது, நடுவில் தொட்டில் மாதிரி குழி விழுந்துவிட்டது.

முதலில் என் கதை. எடை 56 கிலோ, வலப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூக்கம் வரும். வாங்கியது ஜனவரி. முதல் இரண்டு வாரம் காலையில் எழுந்தால் தோள்பட்டையில் வலி, விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கும், கழுத்திலும் பிடிப்பு. திருப்பி அனுப்பிவிடலாம் என்றே இருந்தேன். கழுத்துக்குக் காரணம் மெத்தை இல்லை, தலையணை என்று அப்புறம்தான் பிடிபட்டது. பஞ்சு மெத்தையில் தோள் குழிக்குள் போய்விடும், தட்டைத் தலையணையே போதும். இங்கே தோள் மேலேயே நிற்கிறது, தலை மட்டும் கீழே தொங்குகிறது. கொஞ்சம் உயரமான தலையணை மாற்றியதும் நாலே நாளில் கழுத்து சரியானது. தோள்வலி மட்டும் நின்றுபோக ஏப்ரல் ஆனது. மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மதுரை வெயில் வந்ததும் அதே மெத்தை என் தோளுக்கு இடம் கொடுத்தது. டிசம்பரில் மறுபடி இறுகியது, மறுபடி லேசான வலி வந்தது. என் எடைக்கு இது மீடியம் இல்லை, கெட்டி மெத்தைதான்.

என் கணவர் 94 கிலோ, மல்லாந்து படுப்பவர். அவருக்கு முதல் ராத்திரியே பிடித்துவிட்டது. அவர் படுத்திருக்கும்போது இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தேன். கை இறுக்கமாக உள்ளே போனது, ஆனால் போனது. பழைய மெத்தையில் விரல்கூட நுழையாது, இடுப்பு அவ்வளவு புதைந்திருக்கும். காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார், அது நின்றுவிட்டது. ஆறு மாதத்தில் அவர் பக்கம் லேசாகப் பள்ளம் தெரிந்தது. இந்த மெத்தையைக் குப்புறப் புரட்டிப் போட முடியாது, மெமரி ஃபோம் மேல்பக்கம் மட்டும்தான். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிவிடுகிறோம்.

மகனுக்குப் பதினேழு வயது, குப்புறத்தான் படுப்பான். விடுமுறையில் பத்து நாள் இதில் படுத்தான், மூன்றாம் நாளே அடிமுதுகு வலி. பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். உடம்பிலேயே கனமான இடுப்புப் பகுதி உள்ளே இறங்கி, நெஞ்சும் காலும் மேலே நிற்க, முதுகு வில் மாதிரி வளைந்திருந்தது. வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை வைத்ததும் பாதி வலி போனது. அப்புறம் அவனே கோரைப்பாயும் ஜமுக்காளமும் போட்டுக்கொண்டான். மீதி வலியும் போய்விட்டது.

அத்தைக்கு 72 வயது. படுத்தால் சுகமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். எழுவதில்தான் சிக்கல். விடியற்காலை மூன்று மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தார்கள், நான் விழித்திருந்தேன். கையை ஊன்றினார்கள், கை மணிக்கட்டு வரை இறங்கியது. ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்ததும் ஓரம் தழைந்து உடம்பு முன்னால் சரிந்தது. நான் எட்டித் தோளைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளே அவர்களுடைய பழைய தேங்காய்நார் மெத்தையை எடுத்துப் போட்டுவிட்டோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வாங்குவதற்கு முன், அவர்களை ஓரத்தில் உட்கார்ந்து எழச்சொல்லிப் பாருங்கள். இதை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

மழைக்காலம், நாகர்கோவில்

அக்கா, தலையணை விஷயம் அப்படியே என் கதை.

எனக்கு 41 வயது. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கிடையில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எம்ஆர்ஐயில் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் "பலகையில் படு" என்றார்கள். எட்டு மாதம் கட்டில் பலகைமேல் ஒரு போர்வை விரித்துப் படுத்தேன். வலி குறையவில்லை, இரண்டு பக்க இடுப்பெலும்பும் கன்றிப்போனது. கடைசியில் பிசியோதெரபிஸ்ட்தான் நடுத்தரக் கெட்டிக்கு மாறச் சொன்னார். அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டதற்கு, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வைக் காட்டினார். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறுபாதிக்கு நடுத்தர மெத்தை கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குப் படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒன்றைக் கவனியுங்கள், அந்த ஆய்வு ஒப்பிட்டது மெத்தையின் கெட்டித்தனத்தை. மெமரி ஃபோம்தான் உசத்தி என்று அது சொல்லவில்லை. கடைக்காரர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள்.

நான் 71 கிலோ. மல்லாந்து படுத்து முழங்காலுக்கடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்வேன். மெத்தை மாற்றி ஏழு மாதம். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், பயிற்சிகளையும் விடாமல் செய்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடக்கும் வழக்கம் நின்றுவிட்டது. அது எனக்குப் பெரிய விஷயம்.

இரவுப்பணி, சென்னை

ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவன். மாடி வீடு, மேலே மொட்டைமாடி, ஏசி இல்லை. மே மாதம் மத்தியானம் எழுந்து பார்த்தால் விரிப்பில் என் உருவம் அப்படியே ஈரமாகப் பதிந்திருக்கும், தலை, முதுகு, இரண்டு குதிகால் எல்லாம் எண்ணிவிடலாம். இந்த ஃபோம் உடம்பை அணைத்துப் பிடிப்பதால் காற்று போக வழி இல்லை. குளுமைக்கு ஜெல் கலந்த ஃபோம் என்று கூடுதல் பணம் வாங்கினார்கள். படுத்த முதல் பத்து இருபது நிமிடம் குளுமை தெரிகிறது, அப்புறம் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்துத்தான் பாதித் தவறு நான் போட்டிருந்த வாட்டர்ப்ரூஃப் உறை என்று தெரிந்தது. பிளாஸ்டிக் மாதிரி மொறமொறவென்று சத்தம் போடும் உறை. அதைக் கழற்றிவிட்டு, பருத்தித் துணி உறையும் கைத்தறி விரிப்பும் போட்டேன். கட்டிலில் முழுசாக அடித்திருந்த பிளைவுட்டை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடிக்கச் சொன்னேன். ஜூலையிலிருந்து தூங்க முடிகிறது. ஆனாலும் ஏப்ரல், மே இரண்டு மாதமும் தரையில் பாய்தான். ஏசி இல்லாத மாடி வீட்டுக்காரர்கள் இதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

பனிக்காலம், ஸ்கார்பரோ, கனடா

இங்கே எங்களுக்குப் பிரச்சினை தலைகீழ். ராத்திரியில் வீட்டுச் சூட்டைக் குறைத்து வைப்போம். ஜனவரியில் போய்ப் படுத்தால் மெத்தை பலகை மாதிரி இருக்கும், பத்து நிமிடம் போக உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல இளகும். தோள் இருக்கும் இடம் முதலில் இறங்கும், பிறகு இடுப்பு. புரண்டால் புது இடம் மறுபடி இறுக்கம். அதனால் படுக்க முன்னம் அரை மணி நேரம் கம்பளியை விரித்து வைக்கிறோம், கொஞ்சம் உதவுகிறது.

ஆனால் இதை விட்டுவிடச் சொன்னால் விடமாட்டேன். மனைவி தாதி, இரவு வேலை முடிந்து விடிய ஐந்து மணிக்கு வந்து படுப்பா. பழைய ஸ்பிரிங் மெத்தையில் அவ ஒரு முழங்காலை வைத்தாலே நான் எழும்பிவிடுவேன். இதில் படுத்ததே தெரியாது. கண் முழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆள் நித்திரை. பதினொரு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்காத நித்திரை இது.

ஈரோட்டுக்காரன்

மெத்தைக் கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். இப்போது வேறு தொழில், அதனால் யாருக்காகவும் பேசவில்லை.

டென்சிட்டி வேறு, கெட்டித்தனம் வேறு. கடையில் 40 டென்சிட்டி, 50 டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அது எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். 50 டென்சிட்டியில் மெத்தென்றும் செய்யலாம், கெட்டியாகவும் செய்யலாம். "டென்சிட்டி கூடினால் கெட்டி" என்று யாராவது சொன்னால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மீடியம் ஃபர்ம் என்பதும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம், இன்னொன்றின் ஃபர்ம்.

மெத்தையை எடைபோட்டுப் பாருங்கள். மதுரை அக்கா சொன்ன அளவையே எடுத்துக்கொள்வோம். 75க்கு 60, மேலே 2 அங்குலம். 50 டென்சிட்டி மெமரி ஃபோம் என்றால் அந்த அடுக்கு மட்டும் ஏழே கால் கிலோவுக்கு மேல் வரவேண்டும். கீழே 6 அங்குலம் 32 டென்சிட்டி என்றால் பதினான்கு கிலோ. உறையையும் சேர்த்தால் 22 கிலோவுக்குக் குறையக்கூடாது. பதினாறு, பதினேழு கிலோ காட்டினால் எங்கோ குறைத்திருக்கிறார்கள். ஜிப் உள்ள உறை என்றால் திறந்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

கடையில் விரலால் அமுக்கிப் பார்ப்பதில் பயனே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே கால் மணி நேரம் படுங்கள். கூச்சப்படாதீர்கள். இந்த ஃபோம் உடம்புச் சூடு பட்ட பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். ஏசி ஷோரூமில் இறுக்கமாகத் தெரிவது உங்கள் வீட்டில் இளகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "நாசா கண்டுபிடிப்பு" என்பதில் உண்மை உண்டு, 1966இல் விமான இருக்கை மெத்தைக்காகச் செய்தது. ஆனால் அன்றைய ஃபோமை வைத்து இன்று உங்கள் கையில் இருக்கும் துண்டின் தரத்தைச் சொல்ல முடியாது.

மழைக்காலம், நாகர்கோவில்

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வாங்கிய புதிதில் பெயின்ட் மாதிரி ஒரு வாசனை மூன்று நாள் இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, அந்த அறையில் யாரையும் படுக்கவிடவில்லை. வெயிலில் காயவைக்க எடுத்தேன், வேண்டாம் என்றார்கள். ஃபோம் மஞ்சள் பாரித்து உதிரும். நிழலில் காற்றாட வைத்தாலே போதும்.

குட்டிப்பாப்பா அம்மா, திருச்சி

எங்கள் பாப்பாவுக்கு ஐந்து மாதம். எங்கள் பக்கத்திலேயே இந்த மெத்தையில் போட்டுக்கொள்ளலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். குழந்தை குப்புறக் கவிழ்ந்தால் முகம் புதைந்து மூச்சுக்கு இடைஞ்சலாகும், ஒரு வயதுக்குள் தட்டையான, கெட்டியான படுக்கை தனியாக வேண்டும் என்றார். யாராவது இதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தைக்கு வாங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

வைகைக்கரை, மதுரை

திருச்சித் தங்கச்சிக்கு நன்றி, எனக்கு அது தோன்றவே இல்லை.

ஈரோட்டு அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு, நேற்று கணவரும் மகனுமாக மெத்தையைச் சுருட்டிக் கட்டிப் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் வைத்தார்கள். 18 கிலோ 300 கிராம். வந்ததும் உறையின் ஜிப்பைத் திறந்தேன். மேலே சாம்பல் நிற அடுக்கு, கீழே வெள்ளை. பையனின் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் ஒன்றேகால் அங்குலம்தான், இரண்டு கிடையாது. மூன்று மூலையிலும் அளந்தேன், அதேதான். குளிர் மாதங்களில் என் தோள் ஏன் இறங்கவே இல்லை, கணவர் பக்கம் ஆறு மாதத்திலேயே ஏன் பள்ளம் விழுந்தது என்று இப்போது புரிகிறது.

ஸ்கேலோடு படம் எடுத்து, எடைச் சீட்டையும் சேர்த்து, விற்றவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பத்து வருஷ உத்தரவாதம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை மெமரி ஃபோம் மெத்தை வைத்திருப்பவர்கள் உங்கள் மெத்தையின் அளவையும் எடையையும் போடுங்கள், ஈரோட்டு அண்ணா கணக்குப் பார்த்துச் சொல்வார்.