கம்ப்யூட்டரோடு செஸ் ஆடினால் ஆட்டம் தேறுமா?

யானைப்பாகன்:
என்னைக் கேட்டால் தேறாது. செயலியின் பலத்தைக் குறைத்து வைத்துத்தான் ஆடுகிறேன். முதல் பதினைந்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் தோற்றுவிடுவார். அப்புறம் திடீரென்று ராணியை என் சிப்பாய்க்கு ஓசியில் வெட்டுக் கொடுக்கும். நம்மைப் போன்றவர்கள் குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் யானையையும் குறிவைப்பதைக் கவனிக்காமல் விடுவோம். அதற்கு ஒரு காரணம் இருக்கும். இதற்கு எந்தக் காரணமும் கிடையாது. இப்படி ஜெயித்து என்ன பயன்?

கறுப்புச் சிப்பாய்:
பலத்தைக் குறைப்பதுதான் வினை. ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் இன்ஜின்களில், அதாவது செஸ் ஆடும் நிரல்களில், லெவலைக் குறைத்தால், நல்ல நகர்வுகள் சிலவற்றைக் கணக்குப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே மட்டமான ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுக்கும். முழு பலத்தில் வையுங்கள், ஆனால் ஜெயிக்க வேண்டிய நிலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். லூசெனா நிலை என்ற இறுதியாட்ட அமைப்பைப் போட்டுப் பாருங்கள்: உங்கள் சிப்பாய் ஏழாம் வரிசையில், ராஜா அதற்கு முன்னால் எட்டாம் வரிசையில், கூட ஒரு யானை. எதிரிக்கு ராஜாவும் யானையும் மட்டும். யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டுவந்து, ராஜாவை வெளியே எடுத்து, பின்னாலிருந்து வரும் செக்குகளை அந்த யானையாலேயே மறைக்க வேண்டும். நகர்வுகளில் பிசகினால் இன்ஜின் டிராவாக்கிவிடலாம். இந்தப் பயிற்சியை எந்த நண்பர் சலிக்காமல் தருவார்?

யானைப்பாகன்:
சரி, அது பயிற்சி. ஆட்டம் எங்கே? எதிராளிக்கு நேர நெருக்கடி இல்லை, பயம் இல்லை. நான் தாக்கினால் பதறவே பதறாது.

வெள்ளைக்கட்டம்:
1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவே ஐ.பி.எம்.மின் டீப் புளூ கம்ப்யூட்டரிடம் 2.5–3.5 என்று தோற்றார். நமக்கு என்ன மானக்கேடு? மனிதத்தனம்தான் வேண்டுமென்றால் மையா என்ற செஸ் இன்ஜின் இருக்கிறதே. லிசெஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கற்று, 1100 முதல் 1900 வரையிலான ரேட்டிங் புள்ளியில் உள்ள ஒருவர் எந்தக் காயை நகர்த்துவார் என்று ஊகிக்கும்.

கறுப்புச் சிப்பாய்:
1100 என்ற பெயரை நம்பி உட்காராதீர்கள், அதைவிட வலுவாகவே ஆடும். பலரும் ஆடக்கூடிய நகர்வையே எடுப்பதால் தனி ஆளின் அசட்டுத் தவறுகள் அடிபட்டுப் போகின்றன.

யானைப்பாகன்:
அப்படியானால் அதுவும் பதறப்போவதில்லை! மையாவை வேண்டுமானால் ஆடிப் பார்க்கிறேன். லூசெனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.