பேக்கப் 4ஜி சிம் பில் எகிறிடுச்சு, உதவி தேவை

கல்லாப்பெட்டி: அவசரம். பிரியாணி ஃபிராஞ்சைஸ் கடை. நெட் போனா பில்லிங் நிக்கக் கூடாதுன்னு பேக்கப் சிம் போட்டிருக்கு. மாசம் ₹399 வர்ற இடத்துல இந்தத் தடவை ₹6,500 கிட்ட. பில்லிங்குக்கு மட்டும்தான் சிம். எப்படிக் குறைக்கிறது?

வயர்மேன்: என்ன ரவுட்டர்? பிளான்ல எத்தனை ஜிபி, மேல என்ன ரேட்? மெயின் ஃபைபர் நெட் எத்தனை நாள் படுத்திருந்தது?

டேட்டா தாத்தா: விண்டோஸ் அப்டேட்தான், சந்தேகமே வேண்டாம். பில்லிங் கம்ப்யூட்டர்ல மீட்டர்ட் கனெக்‌ஷன் (அளவா டேட்டா செலவு பண்ணுன்னு சொல்ற செட்டிங்) ஆன் பண்ணுங்க.

ரூட் மாஸ்டர்: எது எது சிம் வழியா போகலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் சிம்மே போடணும். இது பாலபாடம், இங்க எத்தனையோ தடவை எழுதியாச்சு. சிசிடிவி இருக்கா இல்லையா?

கல்லாப்பெட்டி: டிபி-லிங்க் இஆர்605, சிம் அதுல சொருகின யுஎஸ்பி டாங்கிள்ல இருக்கு. 10 ஜிபி, மேல எம்பிக்கு 2 பைசா. ரோடு தோண்டினதுல ஃபைபர் 3 நாள் இல்ல. கேமரா 8, கிளவுட்ல ஏறுது. ஹெட் ஆபீஸ் பார்ப்பாங்க.

ரூட் மாஸ்டர்: இதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஒரு கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் அனுப்பினா மணிக்கு 450 எம்பி. எட்டுக்கு 3.6 ஜிபி. 72 மணி நேரத்துக்கு 259 ஜிபி. பத்து போக 249, ஜிபிக்கு (1,024 எம்பி) ₹20.48 வீதம் ₹5,100. வாடகை ₹399 சேர்த்து 18% ஜிஎஸ்டி போட்டா ₹6,489. உங்க பில்லேதான்.

வயர்மேன்: என்விஆருக்கு (கேமரா ரெக்கார்டர் பெட்டி) ஐபியை, அதாவது நெட்வொர்க் முகவரியை, மாறாம ரிசர்வ் பண்ணுங்க. ரவுட்டர்ல எது எந்த லைன்ல போகணும்னு சொல்ற பாலிசி ரவுட்டிங்ல அந்த ஐபியை ஃபைபர் லைனுக்கு (WAN) கட்டி, மோடு 'ஒன்லி'ன்னு வைங்க. 'ப்ரையாரிட்டி'ன்னு விட்டா ஃபைபர் போனதும் சிம்முக்குத் தாவிடும். கெஸ்ட் வைஃபைக்கும் இதே. ஃபைபர் இல்லாதப்ப லைவா பார்க்க முடியாது, ஆனா என்விஆர்ல ஹார்ட் டிஸ்க் இருந்தா ரெக்கார்டிங் ஓடும். ஹெட் ஆபீஸ்கிட்ட முன்கூட்டியே எழுத்துல சொல்லிடுங்க.

கேஓடி பிரிண்டர் (கிச்சனுக்கு ஆர்டர் சீட்டு அடிக்கிறது) கடைக்குள்ள இருக்கிற நெட்வொர்க்லயே ஓடும், இன்டர்நெட் வேண்டாம். பணம் வந்ததைச் சொல்ற சவுண்ட்பாக்ஸ்ல தனி சிம் இருக்கும். மிச்சம் பில்லிங் கம்ப்யூட்டரும் ஆர்டர் டேப்லெட்டும்தான்.

மெஸ்காரன்: போஸ்ட்பெய்டே வேண்டாங்க. ப்ரீபெய்டு தினம் 2 ஜிபி போடுங்க, தாண்டினா ஸ்பீடுதான் குறையும்.

டேட்டா தாத்தா: ஸ்பீடு 64 கேபிபிஎஸ்னு ஆமை வேகத்துக்கு இறங்கினா ராத்திரி எட்டு மணி கூட்டத்துக்கு ஆன்லைன் ஆர்டர் எப்படி எடுப்பீங்க? ரீசார்ஜ் மறந்தா, ஃபைபர் அறுந்த அன்னிக்குத்தான் சிம் செத்தது தெரியும். ரெண்டாவது பிராட்பேண்ட் வாங்குங்க.

மெஸ்காரன்: ரெண்டு கேபிளும் ஒரே கம்பத்துல வந்தா ஒரே வெட்டுல ரெண்டும் போகும் தாத்தா. கேமராவைத் தடுத்துட்டா 2 ஜிபியே தாராளம்.

டேட்டா தாத்தா: அப்போ அப்டேட்டையும் தடுக்கணும்.

ரூட் மாஸ்டர்: தடுக்கணும், ஆனா சும்மா விட்டா ஆகாது, நீங்களே மீட்டர்டுன்னு குறிக்கணும். ரவுட்டருக்குப் பின்னாடி வயர்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கு 4ஜியில ஓடறோம்னே தெரியாது.

வயர்மேன்: இன்னொண்ணு. டேட்டா தீருதுன்னு வர்ற எஸ்எம்எஸ் டாங்கிள்ல இருக்கிற சிம்முக்குத்தான் போகும், யார் கண்ணுலயும் படாது. சிம் கம்பெனி ஆப்புல உங்க நம்பரையும் மெயிலையும் சேருங்க. கூடுதல் டேட்டாவுக்கு ரூபாய் வரம்பு வைக்க முடியுமான்னு கேளுங்க. அப்புறம் ஃபைபர் வயரைப் பிடுங்கி ஒரு தடவை சோதிங்க: பில் போடணும், கேமரா ஆப் ஆஃப்லைன் காட்டணும்.

கல்லாப்பெட்டி: 'ஒன்லி' போட்டாச்சு. வயரைப் பிடுங்கிப் பார்த்தேன், பில் ஓடுது, கேமரா ஆஃப்லைன். நன்றிங்க.

மெஸ்காரன்: ஹெட் ஆபீஸ் ஒத்துக்கிட்டாங்களா?