பேம்பி காடும் ஸ்லீப்பிங் பியூட்டி காடும் ஒரே ஸ்டுடியோவில இருந்து வந்ததா?

தூறல்72:
வணக்கம் மக்களே. பொண்ணுக்கு லீவுங்கறதால டிஸ்னியோட பழைய படம் ரெண்டு அடுத்தடுத்த நாள் போட்டோம், முதல் நாள் ஒரு மான்குட்டி கதையான பேம்பி, மறுநாள் தூங்குற இளவரசி கதையான ஸ்லீப்பிங் பியூட்டி. கதையெல்லாம் தெரிஞ்சதுதான், இந்த தடவை என் கண்ணு பூரா பின்னாடி இருக்குற காட்டு மேலயே போயிடுச்சு. பேம்பியில காடுன்னு முழுசா எதையுமே வரையல, ஒரு மரத்தோட அடி மட்டும் தெரியுது, மேல போகப்போக பனியில கரைஞ்சிடுது, ஆனாலும் அந்த ஈரம் நம்ம மேல படுற மாதிரி இருக்கு. ஸ்லீப்பிங் பியூட்டியில அப்படியே நேரெதிர். மரமெல்லாம் சதுரமா செதுக்கி வச்ச மாதிரி, தூரத்துல நிக்கிற மரத்துல கூட பட்டையில இருக்குற கோடு தெரியுது. "ஸ்கேல் வச்சு வரைஞ்சாங்களாப்பா"ன்னு பொண்ணு கேட்டா. ஒண்ணு 1942, இன்னொண்ணு 1959, நடுவுல 17 வருஷம்தான். இதையெல்லாம் யாரு முடிவு பண்ணாங்க, எங்கேருந்து எடுத்தாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

நீர்வண்ணம்:
தம்பி, பேம்பி பத்தி கேட்டீங்கன்னா எனக்கு ஒரு நாள் பத்தாது, நான் வாட்டர்கலர் சொல்லிக்குடுக்குறவ, பசங்களுக்கு முதல் கிளாஸ்லயே அந்தப் படத்தோட ஃப்ரேம் ரெண்டைக் காட்டிடுவேன்.

அந்தக் காட்டுக்குப் பின்னாடி இருக்குறவர் டைரஸ் வாங். சீனாவில 1910ல பொறந்தவர், ஒன்பது வயசுல அப்பா கூட அமெரிக்கா வந்துட்டார், அம்மாவையும் கூடப்பொறந்தவளையும் அதுக்கப்புறம் பார்க்கவே இல்ல. வசதியில்லாத வீடு, மை வாங்க முடியாம பிரஷ்ஷை தண்ணியில தொட்டு பேப்பர் மேல எழுதிப் பழகச் சொன்னாராம் அவங்க அப்பா. டிஸ்னியில 1938ல சேரும்போது அவருக்குக் குடுத்தது இன்பிட்வீன் வேலை, அதாவது பெரிய அனிமேட்டர் வரைஞ்ச ரெண்டு போஸுக்கு நடுவுல வர்ற படங்களை நாள் பூரா வரைஞ்சுட்டே இருக்கணும். அந்த சமயத்துல பேம்பிக்கு காடு வரைஞ்சுட்டு இருந்தவங்க டிஸ்னியோட முந்தின படம் ஸ்னோ ஒயிட் மாதிரியே இலை இலையா, கிளை கிளையா வரைஞ்சு பார்த்திருக்காங்க, மானு அந்த இலைக்குள்ள காணாமப் போயிடுது. இவர் தானாவே சில படம் வரைஞ்சு கொண்டு போய்க் காட்டினார், சீனாவில சோங் அரச வம்சத்துக் காலத்து மலை ஓவியங்கள்ல இருக்குமே அந்த மாதிரி, நடுவுல மட்டும் கொஞ்சம் விவரம், சுத்தி எல்லாம் புகை. அதுதான் படத்துக்கே ஸ்டைலா ஆச்சு.

வெள்ளையா விட்ட இடமும் அந்த ஓவியத்துல ஒரு பொருள்தான் தம்பி. பேம்பியோட அம்மா போன பிறகு வர்ற பனி சீனை மறுபடி பாருங்க. கொஞ்ச நேரத்துல காடே இல்ல, வெறும் பனி, அந்தக் குட்டி மட்டும். அப்புறம் ரெண்டு மான் சண்டை போடுற சீன்ல கலர் மொத்தமா மாறிடும், உருவம் பாதி நிழலாவே இருக்கும், அந்தக் கோவத்தை கலரே சொல்லிடும்.

இவ்வளவு பண்ணவரை டிஸ்னி ஊழியர்கள் பண்ண ஸ்ட்ரைக் முடிஞ்ச கையோட 1941ல வேலையை விட்டு அனுப்பிட்டாங்க, படம் வந்தப்போ டைட்டில்ல பேக்கிரவுண்ட் வரைஞ்சவங்க வரிசையில அவர் பேரு ஒரு பேரா வந்துச்சு, அவ்வளவுதான். எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. 106 வயசு வரைக்கும் இருந்தார், 2016லதான் போனார், கடைசி காலத்துல கையாலயே பெரிய பெரிய காத்தாடி செஞ்சு கடற்கரையில விட்டுட்டு இருந்தார்.

செல்ஷீட்:
அக்கா பேம்பியை சொல்லிட்டாங்க, நான் இன்னொண்ணைச் சொல்றேன், பேக்கிரவுண்ட் பெயிண்டிங்தான் என் பொழப்பு.

ஸ்லீப்பிங் பியூட்டி முழுக்க ஐவிண்ட் எர்ல்னு ஒருத்தரோட கண்ணு. நியூயார்க்ல க்ளாய்ஸ்டர்ஸ்னு ஒரு மியூசியம், அங்க 1500ஐ ஒட்டி நெய்த ஏழு திரைச்சீலை இருக்கு, ஒத்தைக்கொம்பு குதிரையை வேட்டையாடுற கதை. டிஸ்னியில இருந்த ஜான் ஹெஞ்ச் அதைப் பார்த்துட்டு வந்து படம் இப்படி இருக்கணும்னு சொல்ல, எர்ல் அதோட லிம்பர்க் சகோதரர்கள் வரைஞ்ச பழைய பிரெஞ்சு ஏட்டுப் படங்கள், ஜெர்மன் ஓவியர் டியூரர், பாரசீக மினியேச்சர்ங்கற குட்டி ஓவியங்கள்னு எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தார். அந்தக் கால ஓவியத்துல கிட்ட இருக்குறதும் தூரத்துல இருக்குறதும் ஒரே கூர்மையா இருக்கும், தூரம் போனா மங்கணும்ங்கற கணக்கே கிடையாது. உங்க பொண்ணு கேட்ட ஸ்கேல் அங்கேருந்து வந்ததுதான். படம் எடுத்ததும் டெக்னிராமா 70ன்னு ரொம்ப அகலமான ஃபிலிம், அதனால ஓரத்துல இருக்குற புல்லு வரைக்கும் தெரியும், விட்டுட்டுப் போக முடியாது. ஒரு பேக்கிரவுண்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல கூட ஆயிருக்கு, சாதாரணமா ஒரு நாள் வேலை அது. மொத்த செலவு 60 லட்சம் டாலர், அன்னைக்கு வரைக்கும் டிஸ்னி எடுத்த கார்ட்டூன் படத்துலயே அதிகம்.

படத்துல பாறையிலயும் மரத்துலயும் இருக்குற பாசியைப் பாருங்க, முதல்ல கறுப்பா ஒரு உருவம், அது மேல ஒவ்வொரு புள்ளியா வெளிச்சத்தை ஏத்திட்டே வந்திருப்பார். எனக்கு அதைப் பார்த்தா கை பரபரங்கும்.

ராக்கோழி:
செல்ஷீட் ப்ரோ, எர்ல் பெரிய ஓவியர், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அக்கா சொன்ன பிரச்சினை திரும்பவும் வருதே? பேம்பியில மான் தொலைஞ்சு போகுதுன்னுதானே இலையைக் குறைச்சாங்க, இங்க இலையை எண்ணி வரைஞ்சிருக்காங்க. அங்க வேலை பார்த்த அனிமேட்டர்களே அப்போ முணுமுணுத்திருக்காங்க, கேரக்டரை விட பேக்கிரவுண்ட் முன்னாடி வந்து நிக்குதுன்னு. எனக்கும் இளவரசி காட்டுல பாடி ஆடுற சீன்ல கண்ணு மரத்துக்குத்தான் போகுது. சாபம் குடுக்குற சூனியக்காரி மெலிஃபிசென்ட் வந்தா மட்டும் சரியா உக்காருது, அந்தக் கறுப்பும் ஊதாவும் கோடு கோடா இருக்குற உடம்பும் எர்லோட மரத்துக்குப் பொறந்த மாதிரி இருக்கு. அதை வரைஞ்ச மார்க் டேவிஸ்தான் இளவரசியையும் வரைஞ்சார், ஆனா பொல்லாதவ ஜெயிச்சுட்டா.

அடுத்து 1961ல வந்த 101 டால்மேஷியன்ஸ் பாருங்க, இவ்வளவு செலவு தாங்காதுன்னு ஜெராக்ஸ் மெஷின்ல பென்சில் கோட்டை நேரா செல்லுக்கு (கலர் அடிக்கிற கண்ணாடி மாதிரி ஷீட்) ஏத்திட்டாங்க, சொரசொரன்னு கோடு, கலர் கோட்டுக்கு வெளிய வழியுது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கலையாம். எனக்கு மூணுலயும் அதுதான் ரொம்பப் பிடிக்கும், வரைஞ்சவங்க கை அப்படியே தெரியுது.

செல்ஷீட்:
நீங்க சொல்ற அந்தப் பாட்டு சீன்ல நானும் ஒத்துக்குறேன். ஆனா முள்ளுக்காட்டை இளவரசன் வெட்டிட்டு வர்ற சீனை எர்ல் இல்லாம யோசிச்சுப் பாருங்க, முடியாது.
@தூறல்72, ஒண்ணு கேக்கணும், டிவியில ஜூம் போட்டா பார்த்தீங்க? ரெண்டு பக்கமும் வெட்டிடும்.

தூறல்72:
அண்ணா, ஆமா, ஜூம்லதான் இருந்துச்சு, மேல கீழ கறுப்பு பட்டை வருதேன்னு நான்தான் போட்டு வச்சிருந்தேன். உங்க பதிலைப் பார்த்துட்டு எடுத்துட்டு அந்தக் காட்டு சீனை மட்டும் இப்ப போட்டோம். இடது ஓரத்துல ஒரு முழு மரம் இருக்கு! நேத்து அது படத்துலயே இல்ல. பொண்ணு டிவி கிட்ட போய் நின்னு அடியில இருக்குற பூவை எண்ணிட்டு இருக்கா. அக்கா, அந்தப் பனி சீனை அவ தூங்குனப்புறம் தனியா பார்க்கறேன்.