வயதான சுண்டெலி அசையாமல் நிற்பது நினைவா, தளர்ச்சியா?

கேள்வி: பெங்களூரில் முதலாண்டு ஆய்வு மாணவி நான். 20 மாத ஆண் சுண்டெலி ஒன்றை, முந்தைய நாள் அது காலில் சிறு மின்னதிர்ச்சி பெற்ற அதே பெட்டியில் விட்டபோது, மூச்சைத் தவிர வேறு அசைவின்றி மூலையில் உறைந்து நின்றது. இதை அச்ச நினைவு என்று குறிக்கலாமா?

பதில் 1: அதிர்ச்சிக்கு முந்தைய நிமிடங்களில் அது எவ்வளவு அசைந்தது என்பதை அளந்தீர்களா, அம்மா? அதை ஒப்பிடாமல் எதுவும் சொல்ல இயலாது. இடத்தை நினைவுகொள்ள மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தேவை. முதுமையில் பெரும்பாலும் தளர்வது அதுவே. இடத்துக்குப் பதிலாக ஓர் ஒலியை அதிர்ச்சியோடு இணைத்துச் சோதிக்கலாம் என்றால், ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் சி57பிஎல்/6 வகைச் சுண்டெலிகள் வயதேற உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனை இழப்பதால், செவிட்டுத்தன்மையை மறதி என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. இந்தத் தவறு எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

பதில் 2: ஓட்டம் நினைவுக்கு உதவுமா என்று பார்க்க ஓடுசக்கரமும் வைக்கப்போகிறீர்கள் என்றால், ஒப்பிடுவதற்குச் சுழலாதபடி பூட்டிய சக்கரத்தோடு ஒரு சுண்டெலிக் குழு கட்டாயம் வேண்டும். ஓட்டம் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்களைப் பெருக்குவது 1999-லேயே காட்டப்பட்டது. பெண் சுண்டெலிகள் பொதுவாக ஆண்களைவிட அதிகம் ஓடும் என்பதால், ஓடிய தூரத்தைப் பதியாமல் பால் வேறுபாட்டைப் பேசாதீர்கள்.

கேட்டவர்: நன்றி ஐயா. காணொளியை மீண்டும் பார்த்தேன்; அதிர்ச்சிக்கு முன்பே அது பாதி நேரம் அசையாமல்தான் இருந்திருக்கிறது.