பீங்கான்ல எலும்பு இருக்கா? (எங்க குடும்பக் குழு)

ஹரி: "ஐரோப்பியப் பீங்கானின் ரகசியம்: மாட்டெலும்புச் சாம்பல்!!" 👆 ஃபார்வர்டு. நிஜமா சித்தப்பா?

சித்தப்பா: கால்வாசி நிஜம். எலும்பு இங்கிலாந்துக்காரங்க வழி. ஜெர்மனியில மைசென் ஊர்ப் பட்டறைக்காரங்க கலவையில எலும்பே கிடையாது.

வாணி அத்தை: மைசென்காரங்களுக்கு முன்னாடி ஐரோப்பாவுல களிமண்ணோட கண்ணாடித் தூளைக் கலந்துதான் முட்டி மோதினாங்க. 1575 வாக்குல இத்தாலியில, ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சிக் குடும்பத்தோட பட்டறையிலயும் அதே கூத்து. சூளையிலயே நிறைய வளைஞ்சு போச்சு.

சித்தப்பா: மைசென் வகை பிறந்த கதை: ஜெர்மனியில ட்ரெஸ்டன், 1708 ஜனவரி 15. போட்கர்ங்கிற ரசவாதியோட குறிப்புல ஏழு சோதனை இருக்கு. முதலாவது வெறும் களி. மத்ததுல களிக்கு அலபாஸ்டர் 4:1ல ஆரம்பிச்சு 9:1 வரைக்கும். 4:1, 5:1 உட்கார்ந்துபோச்சு. கடைசி மூணும் வெள்ளையா, வெளிச்சம் ஊடுருவுற மாதிரி வந்துச்சு. பேர் போட்கருக்குப் போனாலும், அவருக்கு மேல இருந்த சிர்ன்ஹவுஸுக்கும் பாதிப் பங்கு குடுக்கணும்.

ஹரி: அலபாஸ்டர்னா சிலை செதுக்குற கல்லா?

வாணி அத்தை: அதேதான், ஜிப்சம் வகை. தீயில சுண்ணாம்பாகி களியை உருக்கிப் பிணைக்கும். வில்லங்கம் என்னன்னா, மெதுவா இளகாது, திடீர்னு இளகும். சூடு குறைஞ்சா கிண்ணம் தண்ணி குடிக்கும், கொஞ்சம் கூடினா சப்பை. அப்புறம்தான் ஃபெல்ஸ்பார்ங்கிற பாறைத் தாதுக்கு மாறினாங்க. அது கெட்டிப் பாகா உருகும், உருவம் நிக்கும்.

சித்தப்பா: மைசென் வகைக்குப் பொதுக் கணக்கு, நூத்துக்கு: கயோலின் (வெள்ளைக் களிமண்) 50, ஃபெல்ஸ்பார் 25, குவார்ட்ஸ் (படிகக்கல்) 25. முதல் சூடு 950 டிகிரி வாக்குல, கிளேஸை (மேல பூசுற கண்ணாடிப் பூச்சு) உறிஞ்சுற பதத்துக்கு மட்டும். ரெண்டாவது 1,400. மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு சுருங்கும். அச்சை அதுக்கேத்தாப்ல பெரிசா வெட்டணும்.

ஹரி: அப்ப எலும்பு?

சித்தப்பா: இங்கிலாந்துல ஸ்டோக் ஊர்ல ஸ்போட் பட்டறை, 1790களோட கடைசியில நிலைச்ச கலவை. எலும்புச் சாம்பல் 50, கயோலின் 25, கார்ன்வால் கல் (ஃபெல்ஸ்பார் கலந்த பாறை) 25.

வாணி அத்தை: தம்பி, எலும்பை 1,000 டிகிரி வாக்குல வேகவச்சு கரியெல்லாம் போக்கணும்னு சொல்லலையே. கரி தங்கினா வெள்ளை மங்கிடும். அந்தக் கலவை பிசையறப்ப புட்டு மாவாட்டம் உதிரும், கயோலினைக் குறைச்சதோட விலை அது.

வாணி அத்தை: சூளையும் தலைகீழ். முதல் சூடுதான் பெரிசு, 1,250 வாக்குல. கிளேஸ் சூடு 1,100க்குள்ள. முதல் சூட்டுல கிளேஸ் இல்லாததால தட்டுக்கு அடியில சூட்டுல உருகாத அலுமினாப் பொடி போட்டுத் தாங்கலாம். மைசென் வகை இளகுறதே கிளேஸ் பூசினப்புறம்தான். தாங்கு வச்சா ஒட்டிக்கும். அதான் அடிவளையத்துல கிளேஸைத் துடைச்சு அது மேலயே நிறுத்துவாங்க. தடவிப் பாரு, பெரும்பாலும் சொரசொரன்னு இருக்கும்.

ஹரி: சரி, ஃபார்வர்டை அழிச்சிடட்டுமா?

சித்தப்பா: "ஐரோப்பிய"வை "இங்கிலாந்து"ன்னு மாத்திடு, போதும்.